முழங்காலுக்கும் ஒரு பத்திரம் வேண்டும்

கணக்குப்பதிவியலில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் வரும். இயந்திரத்தை வாங்கிய நாளிலிருந்தே அதன் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும், அதை ஏட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் இருக்கும் பாட்டிதான் ஞாபகத்துக்கு வருவார். "மூட்டு தேஞ்சு போச்சாம், ஆபரேஷன் பண்ணணுமாம்" என்ற பேச்சு இன்றைக்கு எந்த வீட்டில்தான் இல்லை?

தேய்ந்த மூட்டுக்கு என்ன செய்வது என்று ஊருக்கே தெரியும். மாற்றிய மூட்டைச் சுற்றி எலும்பு உடைந்தால் என்ன செய்வது? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இன்றைய செயற்கை முழங்காலுக்கு முன்னோடியான வடிவம் 1970களில் நியூயார்க்கில் உருவானது. அதை உருவாக்கிய குழுவில் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த சித்தரஞ்சன் ரனாவத்தும் ஒருவர். பிரதமர் வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும் மும்பையில் மாற்றியவர் அவர்தான். பிரதமரே செய்துகொண்டார் என்றதும் நாடு முழுக்க இந்த ஆபரேஷன் மேல் இருந்த பயம் குறைந்தது.

பயம் குறைந்தாலும் விலை குறையவில்லை. அதற்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய் (வரி தனி). ஏற்கெனவே மாற்றிய மூட்டைத் திரும்ப மாற்றும் வகைக்கு 1,13,950 ரூபாய். நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பேச்சுக்கு, மன்னார்குடி மூன்றாம் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 74. எட்டு வருஷத்துக்கு முன்னால், மகன் வேலை பார்க்கும் சென்னையில் முழங்கால் மாற்றிக்கொண்டவர். ஆறு மாதத்தில் ராஜகோபாலசுவாமி கோயில் பிராகாரத்தைத் தடி இல்லாமல் சுற்றி வந்தார். ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, கொல்லைப்புற பாத்ரூம் வாசலில் கால் வழுக்குகிறது.

"அத்தை, மெல்ல எழுந்து நிக்கப் பாருங்க" என்கிறார் மருமகள். "சுளுக்காத்தான் இருக்கும், எண்ணெய் போட்டு நீவி விடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "புத்தூர் கட்டு கட்டிட்டா சரியாயிடும், கார் சொல்லட்டுமா?" என்கிறார் இன்னொருவர். எல்லாருமே நல்ல எண்ணத்தில் பேசுபவர்கள்தான். மூன்று யோசனையும் ஆபத்தானவை.

ஏன் என்று பார்ப்போம். செயற்கை முழங்கால் என்பது தொடை எலும்பின் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிய ஒரு உலோகம், கீழ்க்கால் எலும்பின் தலையில் ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக். உலோகம் கெட்டி. அதை ஒட்டியிருக்கும் எலும்போ வயதாக ஆக மெலிகிறது. கீழே விழும்போது வரும் விசையை உலோகம் தாங்கிவிடும், உலோகம் முடிகிற இடத்தில் எலும்பு விட்டுக்கொடுக்கும். அதனால்தான் இந்த முறிவுகளில் பெரும்பாலானவை தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில், உலோகத் தொப்பிக்குச் சற்று மேலே வருகின்றன. மாடியிலிருந்து விழ வேண்டும் என்பதில்லை, நின்ற இடத்தில் சறுக்கினாலே போதும். எலும்புப்புரை உள்ளவர்கள், முடக்குவாதக்காரர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்கள், ஏற்கெனவே ஒரு தடவை மூட்டைத் திரும்ப மாற்றியவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம்.

இது அடிக்கடி நடப்பதா? இல்லை. மருத்துவ நூல்கள் தொடை எலும்பு முறிவுக்குச் சொல்லும் கணக்கு நூற்றுக்கு 0.3 முதல் 2.5 வரை. கேட்க ரொம்பச் சின்ன எண். ஆனால் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். செய்துகொண்டவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. சின்ன சதவீதத்தைப் பெரிய எண்ணால் பெருக்கினால் என்ன வரும் என்று வணிகவியல் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எழுப்பி நிறுத்தக் கூடாது. நீவக் கூடாது, இழுக்கக் கூடாது. முழங்காலுக்குப் பின்னால் காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. உடைந்த எலும்பின் முனை அதைக் கிழித்தால் கால் போய்விடும். கால் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இரண்டு பக்கமும் தலையணை அண்டைகொடுத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். பாதம் சில்லிட்டுப் போனாலோ, வெளுத்தாலோ, விரல் மரத்தாலோ வந்தவர்களிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னார்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. திருவாரூரில் 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி சுமார் 30 கிலோமீட்டர். 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சுமார் 40 கிலோமீட்டர். ஆக, போக இடம் இல்லாத ஊர் அல்ல இது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்ததும் எலும்பு டாக்டர் தனக்குள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வார்.

ஒன்று, எலும்பு விலகியிருக்கிறதா?

இரண்டு, உள்ளே இருக்கும் செயற்கை மூட்டு எலும்பில் இன்னும் இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, ஆடுகிறதா?

மூன்று, உள்ளே இருப்பது என்ன மூட்டு?

முதல் இரண்டை வைத்துத்தான் லூயிஸ், ரொராபெக் என்ற இருவர் 1990களில் ஒரு வகைப்பாடு செய்தார்கள். விலகாத முறிவு, மூட்டு இறுக்கம்: முதல் வகை. விலகிய முறிவு, மூட்டு இறுக்கம்: இரண்டாம் வகை. மூட்டே ஆடினால் மூன்றாம் வகை. மூட்டு இறுக்கமாக இருந்தால் எலும்பை மட்டும் சேர்த்தால் போதும். அதற்குப் பக்கவாட்டில் பிளேட் வைத்துத் திருகலாம், அல்லது முழங்கால் வழியாக எலும்புக்குள் நீளமான கம்பி செலுத்தலாம். மூட்டு ஆடினால் வேறு மூட்டு மாற்ற வேண்டும். எலும்பு ரொம்பவும் நொறுங்கியிருந்தால் தொடை எலும்பின் கீழ்ப்பகுதியையே எடுத்துவிட்டு உலோகத்தால் ஆனதை வைப்பதும் உண்டு. விழுவதற்குச் சில மாதம் முன்பிருந்தே அந்த முழங்காலில் வலியோ வீக்கமோ இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். மூட்டு முன்பே தளர்ந்திருக்கலாம், கிருமி சேர்ந்திருக்கலாம். கிருமி இருப்பது தெரியாமல் மேலே பிளேட் வைத்தால் இரண்டு நோயாகிவிடும்.

இப்போது மூன்றாவது கேள்வி. முழங்கால் வழியாகக் கம்பி செலுத்த வேண்டுமென்றால் அந்த உலோகத் தொப்பியின் நடுவே திறப்பு இருக்க வேண்டும். சில மாடல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருந்தாலும் கம்பியின் தடிமன் அதில் நுழையுமா என்று பார்க்க வேண்டும். நடுவில் உள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அதே கம்பெனியின் அதே மாடல், அதே அளவு தேவை. இதெல்லாம் எக்ஸ்ரேயில் எழுதியிருக்காது.

வேறு எங்கே எழுதியிருக்கும்? மூட்டு வந்த டப்பாவின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, மாடல், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் அதை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். மன்னார்குடிப் பாட்டியின் ஸ்டிக்கர் சென்னையில், எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு கோப்பில், ஏதோ ஒரு ரெக்கார்டு ரூமில் கிடக்கிறது. கிடந்தால்!

ஏனென்றால், 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி உள்நோயாளியின் மருத்துவப் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும். செயற்கை மூட்டு பதினைந்து, இருபது ஆண்டு உழைக்கும் பொருள். பொருள் இருபது வருஷம், ரசீது மூன்று வருஷம்! எந்த ஆடிட்டராவது இதை ஒத்துக்கொள்வாரா?

அதே விதிகளில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆக, கேட்டால் கிடைக்கும். நாம் கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் அன்று பில்லைச் சரிபார்க்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் தாளில் இருப்பதில்லை.

ஸ்வீடனில் 1975-லிருந்தே முழங்கால் மாற்றுப் பதிவேடு நடக்கிறது. யாருக்கு, எந்த மூட்டு, எப்போது வைத்தார்கள் என்பது நாடு முழுக்க ஒரே ஏட்டில். பிரிட்டனிலும் 2003-லிருந்து அப்படி ஒன்று உண்டு. இந்தியாவில் மூட்டு மாற்று மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது, ஆனால் அதில் பதிவது அவரவர் விருப்பம். எல்லாருக்கும் கட்டாயமான ஏடு வரும்வரை நம் வீட்டு டிரங்குப் பெட்டிதான் பதிவேடு. டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. பட்டா, சிட்டா, அடங்கல், தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் கரையான் அரிக்காமல் காப்பாற்றத் தெரிந்தவர்கள் நாம். அரைமா நிலத்துக்குப் பத்திரம் வைத்திருக்கும் வீட்டில், உடம்புக்குள் இருக்கும் உலோகத்துக்கு ஒரு தாள் இல்லை என்பதுதான் வேதனை.

அடுத்தது காலதாமதம். இந்த முறிவில் பயப்பட வேண்டிய எதிரி எலும்பைவிடப் படுக்கைதான். எழுபது வயதுக்காரர் அசையாமல் படுத்தால் சில நாட்களிலேயே முதுகில் படுக்கைப் புண் தொடங்கிவிடும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும். சிறுநீரில் கிருமி சேரும். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களுக்கு இருக்கும் அதே அபாயம்தான் இவர்களுக்கும். "வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்க மாட்டாங்க, மாவுக்கட்டே போதும்" என்று பாசத்தோடு சொல்லும் உறவினர்கள் இதை யோசிக்க வேண்டும். விலகாத முறிவுக்குச் சிலருக்குக் கட்டு போதும் என்று டாக்டர் சொல்லலாம். விலகிய முறிவில் பாட்டியை மாதக்கணக்கில் கட்டிலில் போடுவது ஆபரேஷனைவிட ஆபத்தான வைத்தியம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றைச் சீர்செய்ய ஓரிரு நாள் எடுத்துக்கொள்வது நியாயம். மைத்துனர் துபாயிலிருந்து வந்து முடிவு சொல்லட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பது நியாயமில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் கதை முடிவதில்லை. எலும்பு கூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். கூடாமலே போவதும் உண்டு. அப்போது சுமையெல்லாம் பிளேட் மேல் விழுந்து ஒரு நாள் பிளேட்டே உடையும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமை, புகை, சத்துக் குறைவு மூன்றும் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ வீட்டு மாத்திரையோடு நிறுத்தாமல் உடனே காட்ட வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அப்படியே. இன்னொன்று, முழங்கால் இறுகிப் போவது. டாக்டர் எவ்வளவு சுமை வைக்கச் சொன்னாரோ அவ்வளவு வைத்து, மடக்கி நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்தால்தான் கால் பழையபடி வரும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இது தெரியாமல் எத்தனையோ பேர் கட்டிலோடு கிடக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக மறக்கப்படுவது எலும்பின் பலம். உடைந்ததைச் சேர்த்துவிட்டு, உடைந்ததற்குக் காரணமான எலும்புப்புரையை அப்படியே விட்டால், அடுத்த விழுதலில் அடுத்த எலும்பு. வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசி என்றெல்லாம் மருந்துகள் இருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார். ஆனால் அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும். இதோடு பாத்ரூமில் பிடிமானக் கம்பி, சொரசொரப்பான தரை, இரவு விளக்கு, கண்புரை இருந்தால் அதற்கு ஆபரேஷன். இவற்றுக்கு ஆகும் செலவு பிளேட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

செலவு என்றதும் கணக்குக்கே வருவோம். மூட்டு மாற்று 'பேக்கேஜ்' என்பது மூட்டோடு முடிந்துவிடுகிறது. 2017 விலை உச்சவரம்பு மூட்டுக்குத்தான். முறிவுக்கு வைக்கும் பிளேட்டும் திருகும் அந்தப் பட்டியலில் இல்லை. அறுவைக் கட்டணம், ரத்தம், ஐ.சி.யூ. எதுவும் அதில் அடங்காது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். தெருவில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரத்தை அரசு பார்த்துக்கொள்கிறது, நல்ல விஷயம். பாத்ரூமில் விழுந்த பாட்டிக்கு அப்படி ஒரு கடிகாரம் ஓடுவதில்லை. அவருக்கு இருப்பது அரசு மருத்துவமனையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும். அந்தக் காப்பீட்டு அட்டை விழுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். விழுந்த பிறகு வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்பது கொடுமை.

வியாபாரத்தில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று வைப்பார்கள். கடன் வாங்கியவரெல்லாம் ஏமாற்றுவார் என்பதால் அல்ல, நூற்றில் ஒருவர் தவறினால் கடை ஆடக்கூடாது என்பதால். முழங்கால் மாற்றிக்கொண்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஓர் ஒதுக்கு வேண்டும். கொஞ்சம் பணம், ஒரு அட்டை, ஒரு தாள், வழுக்காத ஒரு பாத்ரூம். அரசும் ஒரு படி மேலே போய், மூட்டு வைத்த எந்த ஆஸ்பத்திரியும் ஸ்டிக்கரின் நகலை டிஸ்சார்ஜ் தாளோடு கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். ஒரு ஜெராக்ஸ் செலவுதான்.

"இதையெல்லாம் எழுதிப் பயமுறுத்தினால் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியவர்கள்கூடப் பின்வாங்குவார்களே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முழங்கால் மாற்று நல்ல ஆபரேஷன்தான். நடவு வயலில் நாற்பது வருஷம் குனிந்து நிமிர்ந்த கால்களுக்கு அது இரண்டாவது வாழ்க்கை தருகிறது. வண்டி வாங்குகிறவரிடம் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னால் அவர் வண்டியே வேண்டாம் என்றா போகிறார்? முன்கூட்டியே தெரிந்தவர் நிதானமாக முடிவெடுப்பார். தெரியாதவர் மழைநாளின் விடியற்காலையில், தரையில் கிடக்கும் பாட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு முடிவெடுப்பார்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முழங்கால் மாற்றிய பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவருடைய ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கரும் ஆபரேஷன் குறிப்பும் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனில் வையுங்கள். இல்லையென்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் எழுதிக் கேளுங்கள், 72 மணி நேர விதியைச் சொல்லியே கேளுங்கள். அப்படியே அந்த வீட்டு பாத்ரூம் வாசலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், பாசி பிடித்திருக்கிறதா என்று.